இன்சூரன்ஸ் இருந்தும் வழக்கில் என் பெயர்

காருக்கு இன்சூரன்ஸ் கட்டியாகிவிட்டது, இனி விபத்து என்று ஏதாவது நடந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். பணத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. வழக்கைப் பொறுத்தவரை சரியில்லை. பாலிசி நடப்பில் இருந்தாலும், வண்டியை நீங்கள் ஓட்டவே இல்லையென்றாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து அறிவிப்பு வரும். எனக்கு வந்தது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி வெளியில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இழப்பீட்டு வழக்கு இப்போது முடிந்துவிட்டது.

2023 ஜூன் மாதம், இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பினார். என் காரில் அவரைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது அக்கா மகன். திரும்பி வரும்போது களியக்காவிளை, மார்த்தாண்டம் எல்லாம் தாண்டி, சுவாமியார்மடம் பக்கம் பொழுது விடியாத நேரத்தில், பக்கத்துச் சாலையிலிருந்து தேசிய நெடுஞ்சாலைக்கு ஏறிய ஒரு மொபெட்டின் மீது கார் மோதிவிட்டது. அதில் வந்தவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டிய மரங்களில் மழைக்காலத்திலும் வெட்டு உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கச் சாலைகளில் அந்த நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் போவது.

"சித்தி, வண்டி ஒருவர் மேல் இடித்துவிட்டது. ஆள் நினைவோடுதான் இருக்கிறார். 108-ஐக் கூப்பிட்டுவிட்டேன், நான் இங்கேயேதான் நிற்கிறேன்" என்று அவன் போனில் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அவன் அங்கேயே நின்றான் என்பதில் எனக்கு இன்றுவரை பெருமை உண்டு. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. அது சட்டத்தில் இல்லாவிட்டாலும் அவன் நின்றிருப்பான்.

யார் மேல் எவ்வளவு தவறு என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது, மொபெட் திடீரென்று ஏறியது, பிரேக் போட்டும் கார் வழுக்கியது என்றான் அவன். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று எழுதியிருந்தது. விபத்து வழக்குகளில் வழக்கமாக எழுதும் வாசகம் அது என்று பிறகு அறிந்துகொண்டேன். அன்று அதைப் படித்தபோது அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் நெஞ்சு அடைத்தது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். போய்ப் பார்க்க வேண்டாம் என்று ஆளாளுக்குத் தடுத்தார்கள். போனால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், பணம் கேட்பார்கள், உறவுக்காரர்கள் கை ஓங்குவார்கள் என்றார்கள். அக்காவும் நானும் போனோம். அவருடைய காலில், முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு வெளியே தெரியும்படி இரும்புக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். கம்பி தோலுக்குள் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் மருந்து ஊறிய பஞ்சு. கட்டில் கம்பியில் அந்த நெற்றி விளக்கு, அதன் ரப்பர் பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. விபத்தில் அது உடையக்கூட இல்லை. அவருடைய மனைவி முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவர். விரல் நுனிகள் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருந்தன. எங்களை அவர் திட்டவில்லை. "இந்தக் காலோடு இவர் இனி எந்த மேட்டில் ஏறி மரம் வெட்டுவார்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நீதிமன்ற அமீனா தக்கலையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். தையல் சாமான்கள் விற்கிற கடை. லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்தேன், வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் பெயரை முழுதாக, கணவர் பெயரோடு சேர்த்து வாசித்து, மனுவின் நகலைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பத்மநாபபுரத்தில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. முதல் எதிர்மனுதாரர் அக்கா மகன். இரண்டாம் எதிர்மனுதாரர் நான். மூன்றாவதாகத்தான் இன்சூரன்ஸ் நிறுவனம். கேட்டிருந்த தொகை 25 லட்சம் ரூபாய். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

இன்சூரன்ஸ் நிறுவனம் இருக்கும்போது என்னை எதற்காகச் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. எங்கள் வக்கீல் வயதில் மூத்தவர், யாராக இருந்தாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்ன விளக்கம் இது. விபத்தால் ஏற்படும் பொறுப்பு சட்டப்படி முதலில் ஓட்டியவருடையது. அடுத்து அவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருடையது. காயம்பட்டவருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் எனக்கும் நிறுவனத்துக்கும்தான்: என் மீது விழும் பொறுப்பை எனக்காக அது ஏற்றுக்கொள்ளும் என்று. பொறுப்பு என் மீது விழுந்தால்தானே அது ஏற்க முடியும்? அதனால்தான் என் பெயர் மனுவில் வருகிறது. "மக்களே, உங்கள் மீது கோபத்தில் போட்ட வழக்கு இல்லை இது. இப்படித்தான் போட முடியும்" என்றார்.

மனு இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கும் காரணம் இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பி பொருத்திய காலோடு படுத்திருக்கும் ஒருவர் அந்தக் கெடுவுக்குள் ஓடியாக வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தீர்களே, அதற்கு நன்றியைப் பார்த்தீர்களா" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இதைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பழிவாங்கவில்லை. அவருக்குக் கிடைக்க வேண்டியதை வாங்க வேறு வழியில்லை.

நான் ஆஜராகத் தேவையில்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். கார் வைத்திருக்கும் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அறிவிப்பை வாங்கி மேசைக்குள் வைத்துவிடுகிறார்கள், ஆஜராகாதவர்கள் என்று நீதிமன்றம் அவர்களை ஒருதலைப்பட்சமாக வைத்துவிடுகிறது, அதாவது அவர்கள் இல்லாமலே வழக்கு நடக்கும், கம்பெனி வக்கீல் வழக்கை நடத்துகிறார். முடிவில் கம்பெனியே பணத்தைக் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு மட்டும்தான் வக்கீல். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார், ஏனென்றால் இந்த ஒன்றைத் தெரியாமல் எங்கள் பக்கத்தில் குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன. நான் வக்காலத்துக் கொடுத்தேன், என் எதிருரையை என் வக்கீல் தாக்கல் செய்தார். செலவு பெரிதாக இல்லை.

பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எதிருரை வந்தது. மொபெட் ஓட்டியவர் மீதும் தவறு உண்டு, கேட்கும் தொகை மிக அதிகம் என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இரண்டு பத்திகள். ஒன்று, ஓட்டியவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லை. இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு மட்டும் பாலிசி எடுத்த காரை விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, பணம் கட்ட வேண்டியவர் உரிமையாளர்தான்.

ஆண்டு தவறாமல் பிரீமியம் வாங்கிக்கொண்ட நிறுவனம் என்னை வாடகை வண்டி ஓட்டியவள் என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று யார் காரில் போனார், எதற்குப் போனார் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!

ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்வருவது அன்றாடம். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்தக் காரைப் பக்கத்து வீட்டாருக்கு டீசலும் கூலியும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விபத்து வரும்வரை அது உதவியாகத்தான் தெரியும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது நிரூபணமானால் சட்டத்தின் 150-ஆம் பிரிவு கம்பெனிக்கு அந்த வாதத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டியது, 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டியது, இவையும் அதே பிரிவில் இருக்கின்றன. அப்படி ஆனால் பல வழக்குகளில் நீதிமன்றம் காயம்பட்டவரைத் தவிக்கவிடுவதில்லை. கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுகிறது. அந்த இரண்டாவது பாதி வரும்போதுதான் வீடும் மனையும் ஜப்திக்கு வரும்.

எங்கள் பக்கம் ஆவணங்கள் இருந்தன. அக்கா மகன் திருவனந்தபுரத்தில் படித்தவன், அங்கேயே வேலையும் பார்த்தான், ஆகவே நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் எடுத்த கேரள உரிமம் அவனுடையது. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள காரை அந்த உரிமத்தோடு ஓட்டலாமா என்று கேட்டவர்கள் பலர். இந்தியாவில் எந்த மாநிலம் கொடுத்த உரிமமும் நாடு முழுவதும் செல்லும். மத்திய அரசின் சாரதி இணையதளத்திலிருந்து உரிம விவரத்தை எடுத்தோம். விபத்து நாளில் அது நடப்பில் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. அண்ணனின் விமான டிக்கெட்டின் நகல், அன்றைய தேதியில் குடியேற்ற முத்திரை விழுந்த கடவுச்சீட்டுப் பக்கம், எனக்கும் அவருக்கும் ஒரே அப்பா அம்மா என்பதற்கு எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள். கூடப்பிறந்தவரிடம் யார் வாடகை வாங்குவார்கள்? இவற்றையெல்லாம் தாக்கல் செய்தோம். நிபந்தனை மீறல் என்று சொல்கிற கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை வக்கீல் எடுத்துக்காட்டினார். அதன்பிறகு அந்த இரண்டு பத்திகளையும் கம்பெனி தரப்பு வலியுறுத்தவில்லை. நான் ஆஜராகாமல் இருந்திருந்தால் அந்த டிக்கெட்டை யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்?

இடையில் டெக்சாஸில் இருக்கும் பெரியம்மா மகள் போனில் பேசி என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டாள். அங்கே சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் குறைந்தபட்ச பாலிசியில் காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் தீர்ப்பானால் மீதி ஓட்டியவர் தலையில். "உன் பாலிசியில் வரம்பு எவ்வளவு, பார்த்தாயா?" என்றாள். கடையைப் பூட்டிவிட்டு நேரே வக்கீல் வீட்டுக்குப் போனேன். இங்கே மூன்றாம் நபரின் உயிருக்கோ உடலுக்கோ ஏற்படும் இழப்புக்குப் பாலிசியில் வரம்பு கிடையாது, தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவும் கம்பெனி கட்ட வேண்டும் என்றார். மூன்றாம் நபரின் பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் என்று வரம்பு. அவள் ஊரில் இன்னொன்றும் உண்டு: வழக்கு வந்தால் கம்பெனியே பாலிசிதாரருக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கும். அதுவும் இதுவும் வேறுவேறு ஏற்பாடுகள். வெளிநாட்டு உறவினர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

25 லட்சம் என்ற எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு மனம் ஆறவில்லை. வக்கீல் ஒரு பழைய வழக்குப் பட்டியலைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். காயம்பட்டவருக்கு வயது 42. மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. சுயமாகச் சம்பாதிக்கும் நாற்பது முதல் ஐம்பது வயது வரையானவர்களுக்கு எதிர்கால உயர்வு என்று கால் பங்கு கூட்ட வேண்டும், இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது. ஆக 2,25,000. இதை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் சரளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணைப்படி 41 முதல் 45 வயது வரை அது 14. பெருக்கினால் 31,50,000. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்தப் பங்கு அவருக்கு. அதற்கு மேல் மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை.

மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்றிதழில் 30 சதவீதம் என்று இருந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு மருத்துவமனையில் அந்தப் பெண் கேட்ட கேள்வி மீண்டும் காதில் விழுந்தது. சான்றிதழில் காலுக்கு 30 சதவீதம். ஆனால் குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அந்தச் சரிவுகளில் விடியற்காலை ஈரத்தில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஏறி இறங்க வளையாத கணுக்காலால் முடியுமா? 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதும் போகிறது, அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் அப்படி இல்லை. உடலின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு. அதைப் படித்த பிறகு அந்த 25 லட்சம் பேராசையாக எனக்குத் தெரியவில்லை. நான் எதிர்த்தரப்பில் இருந்துகொண்டே அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2025-இல் தேசிய மக்கள் நீதிமன்றம் நடந்த ஒரு சனிக்கிழமை வழக்கு சமரசத்துக்கு வந்தது. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலாப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. நீதிமன்ற வளாகத்தில் விபத்து வழக்குக்காரர்கள் ஊன்றுகோல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். காயம்பட்டவர் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். கம்பெனி அதிகாரி ஒன்பது லட்சத்தில் ஆரம்பித்தார். காயம்பட்டவருடைய வக்கீல் பதினெட்டு என்றார். பால்வெட்டு முடியாது, இப்போது ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினில் பாதிக் கூலிக்கு நிற்கிறார் என்று அவர் மனைவி எழுந்து நின்று சொன்னபோது அமர்வில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பதின்மூன்றரை லட்சத்தில் முடிந்தது. முழுவதையும் கம்பெனி கட்ட வேண்டும், என்னிடமோ அக்கா மகனிடமோ திரும்ப வசூலிக்கும் உரிமை எதையும் அது வைத்துக்கொள்ளவில்லை என்பதை எழுத்தில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டதாக அவர் வக்கீல் சொல்லித் தெரிந்தது.

குற்ற வழக்கு வேறு. அது அக்கா மகன் மீது மட்டும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவது), 338 (அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்துவது) பிரிவுகளில், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கிறது. 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் வருவதற்கு முன்பே விபத்து நடந்ததால் பழைய சட்டமே பொருந்தும். எந்தப் பாலிசியும் அங்கே உதவாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே பலர் சொன்னார்கள். இழப்பீட்டு வழக்கு நடக்கும்போது அப்படி ஒப்புக்கொண்டால் அதையே அங்கே சான்றாகக் காட்டுவார்கள் என்று வக்கீல் தடுத்துவிட்டார். இப்போது காயம்பட்டவரே சமாதானமாகப் போகலாம் என்கிறார், ஆனால் 279 சமரசத்துக்கு உரிய பிரிவு இல்லையாம். சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அக்கா மகனோடு நானும் போகிறேன், கடையை அன்று மதியம்தான் திறப்பேன்.